மசக்கை அடங்கிய பிறகு: கர்ப்பத்தின் நடு மாதங்களுக்கு ஒரு வழிகாட்டி

முதல் கர்ப்பத்தில் ஒரு நாள் காலை, பிரஷை வாயில் வைத்துவிட்டுக் குமட்டலுக்காகக் காத்திருந்தேன். வரவில்லை. மறுநாளும் வரவில்லை. மூன்றாம் நாள் பயம் பிடித்துக்கொண்டது. இரண்டு மாதமாக ‘எப்போதுதான் நிற்குமோ’ என்று புலம்பிக்கொண்டிருந்தவள், நின்றதும் ‘ஏன் நின்றது’ என்று அழ ஆரம்பித்தேன். வயிறு இன்னும் வெளியே தெரியவில்லை, குழந்தை அசைவதும் தெரியவில்லை. உள்ளே ஒரு உயிர் இருக்கிறது என்பதற்கு இருந்த ஒரே சாட்சி அந்தக் குமட்டல்தான். அதுவும் போய்விட்டது.

இப்படிப் பயப்படுகிறவர்கள் நிறையப் பேர். மசக்கையோடு சேர்த்துப் பேசப்படும் எச்.சி.ஜி. என்ற ஹார்மோன் சுமார் பத்தாவது வாரத்தில் உச்சத்துக்குப் போய், அப்புறம் இறங்கத் தொடங்கும். அதையொட்டிக் குமட்டலும் பெரும்பாலோருக்கு 12 முதல் 16 வாரங்களுக்குள் அடங்கிவிடும். ரத்தப்போக்கோ வலியோ இல்லாமல் மசக்கை மட்டும் நின்றால் அது பெரும்பாலும் நல்ல செய்திதான். குமட்டல் போனதற்கும் முதல் அசைவு தெரிவதற்கும் நடுவே நான்கைந்து வாரம் ஒரு மௌனம் இருக்கும். அதை முன்கூட்டியே தெரிந்துவைத்துக்கொண்டால் பாதிப் பயம் குறையும்.

நடு மாதங்களைச் ‘சுகமான மாதங்கள்’ என்பார்கள். ஓரளவுக்கு உண்மைதான். ஆனால் உடம்பு கொஞ்சம் ஒத்துழைக்கும் இந்த நாட்களில்தான் முக்கியமான சோதனைகளும் வருகின்றன. பின்னால் மூச்சு வாங்கும்போது செய்ய முடியாத வேலைகளையும் இப்போதுதான் முடிக்க வேண்டும். எதை எந்த வரிசையில் செய்யலாம் என்று, இரண்டு முறை இந்த வழியில் போய்வந்தவளாகச் சொல்கிறேன்.

முதலில் வாரக் கணக்கு

‘எத்தனை மாதம்?’ என்றுதான் ஊரே கேட்கும். டாக்டர் மட்டும் ‘எத்தனை வாரம்?’ என்பார். கணக்கு கடைசி மாதவிடாயின் முதல் நாளிலிருந்து தொடங்குகிறது. அங்கிருந்து 280 நாள், அதாவது 40 வாரம். இதில் 14-ஆம் வாரம் தொடங்கி 27-ஆம் வாரம் முடியும்வரை நடுப்பகுதி. நாலு வாரத்தை ஒரு மாதம் என்று பெருக்கிப் பார்த்தால் கணக்கு உதைக்கும். அதனால் வாரத்தில் பேசப் பழகிக்கொள்ளுங்கள். எந்தச் சோதனையை எப்போது செய்வது என்பதெல்லாம் வாரத்தை வைத்துத்தான்.

பிரசவத் தேதியை மூன்று மாதத்துக்குள் எடுத்த ஸ்கேனை வைத்து உறுதி செய்திருப்பார்கள். பிறகு எடுக்கும் ஸ்கேன்களில் வேறு தேதி அச்சாகி வரும். குழந்தை நாலு நாள் பெரிதாகவோ சிறிதாகவோ அளவு காட்டினால் இயந்திரம் அதற்கேற்ப ஒரு தேதியைப் போட்டுவிடும். அதைப் பார்த்துக் குழம்ப வேண்டாம், ஆரம்ப ஸ்கேனில் முடிவான தேதிதான் கடைசிவரை.

ஒரு நோட்டு போடுங்கள்

போனில் எழுதினாலும் சரி, காகிதத்தில் எழுதினாலும் சரி. முதல் பக்கத்தில் ரத்தப் பிரிவு, பிரசவத் தேதி, ஒவ்வாமை உள்ள மருந்துகள், இப்போது சாப்பிடும் மாத்திரைகள். அடுத்த பக்கத்திலிருந்து ஒவ்வொரு முறையும் பார்த்த ரத்த அழுத்தம், எடை, ஹீமோகுளோபின். கடைசிப் பக்கத்தைத் திருப்பிப் பிடித்துக் கேள்விகள் எழுத ஆரம்பியுங்கள். ராத்திரி இரண்டு மணிக்குத் தோன்றும் கேள்வி டாக்டர் முன்னால் உட்கார்ந்ததும் மறந்துபோகும். எனக்கு ஒவ்வொரு முறையும் லிஃப்டில் இறங்கும்போதுதான் ஞாபகம் வந்தது.

சோதனைகள், வரும் வரிசையில்

சிக்கல் எதுவும் இல்லாத கர்ப்பமாக இருந்தால் 28-ஆம் வாரம்வரை பெரும்பாலும் நாலு வாரத்துக்கு ஒரு முறை வரச் சொல்வார்கள். ரத்த அழுத்தம், எடை, சிறுநீர், குழந்தையின் இதயத் துடிப்பு பார்ப்பார்கள். கொஞ்சம் நாள் போனதும் வயிற்றை டேப் வைத்து அளப்பார்கள். 20-ஆம் வாரத்தில் கருப்பையின் மேல் விளிம்பு ஏறக்குறைய தொப்புளுக்கு நேராக இருக்கும். அதற்குப் பிறகு எத்தனை வாரமோ கிட்டத்தட்ட அத்தனை சென்டிமீட்டர். இரண்டு முன்னே பின்னே இருந்தால் பரவாயில்லை. எளிய விஷயம்தான், ஆனால் வளர்ச்சி தடைப்பட்டால் முதலில் சந்தேகம் எழுப்புவது இந்த டேப்பாகவே பல நேரம் இருக்கும்.

பெரிய சோதனை, 18 முதல் 22 வாரங்களுக்குள் எடுக்கும் உறுப்பு ஸ்கேன். ‘அனாமலி ஸ்கேன்’ என்று சீட்டில் எழுதியிருப்பார்கள். மூளை, முகம், உதடு, இதயத்தின் நான்கு அறைகள், முதுகெலும்பு, வயிறு, சிறுநீரகங்கள், கை கால்கள் என்று தலையிலிருந்து கால்வரை வரிசையாகப் பார்ப்பார்கள். நஞ்சுக்கொடி எங்கே ஒட்டியிருக்கிறது, பனிக்குட நீர் எவ்வளவு, கருப்பை வாயின் நீளம் என்ன என்பதையும் குறிப்பார்கள். அரை மணி நேரமாவது ஆகும். குழந்தை முதுகைக் காட்டிக்கொண்டு படுத்திருந்தால் கொஞ்சம் நடந்துவிட்டு வரச் சொல்வார்கள், சில சமயம் இன்னொரு நாள் வரச் சொல்வார்கள். குழந்தை சரியாகத் தெரியவில்லை என்றுதான் அதற்குப் பொருள்.

ஸ்கேன் எடுப்பவர் பேசாமல் திரையையே பார்த்துக்கொண்டிருப்பார். அந்த மௌனத்தைப் பார்த்து நாம் நூறு கதை கட்டிவிடுவோம். அவர் அளவெடுத்துக்கொண்டிருக்கிறார், அவ்வளவுதான். ‘பார்த்து முடித்ததும் சொல்லுங்கள்’ என்று ஆரம்பத்திலேயே கேட்டுவைத்தால் மனது கொஞ்சம் ஆறும். ஒன்றை மட்டும் நினைவில் வையுங்கள். இந்த ஸ்கேன் எல்லாக் குறைகளையும் பிடித்துவிடாது. இதில் தெரியும் சின்னச் சின்ன அடையாளங்கள் எல்லாமே குறைகளும் அல்ல.

என் அறிக்கையில் ‘நஞ்சுக்கொடி கீழே இருக்கிறது’ என்று ஒரு வரி இருந்தது. வீட்டுக்கு வந்து இரவு முழுக்க இணையத்தைத் தோண்டி, விடியற்காலையில் வீங்கிய கண்ணோடு எழுந்தேன். இருபதாவது வாரத்தில் இது சாதாரணம் என்று யாரும் எனக்குச் சொல்லியிருக்கவில்லை. கருப்பையின் கீழ்ப்பகுதி வளர வளர, பெரும்பாலோருக்கு நஞ்சுக்கொடி கருப்பை வாயிலிருந்து விலகி மேலே போய்விடும். அதனால்தான் 32-ஆம் வாரத்தையொட்டி மறுபடி பார்ப்பார்கள். எனக்கும் அப்போது விலகியிருந்தது. அதுவரை உடலுறவு வேண்டாம், துளி ரத்தம் பட்டாலும் உடனே வா என்று சொல்லியிருந்தார்கள். உங்கள் அறிக்கையிலும் அந்த வரி இருந்தால், ‘எனக்கு என்ன கட்டுப்பாடு’ என்று கேட்டு எழுதிக்கொண்டு வாருங்கள்.

முந்தைய மாதங்களில் மரபணுக் குறைகளுக்கான ரத்தச் சோதனை செய்யாமல் விட்டிருந்தால், 15-ஆம் வாரத்திலிருந்து ஏறக்குறைய 20 வரை அதற்கு வேறொரு ரத்தச் சோதனை உண்டு. இவை எல்லாம் வாய்ப்பு எவ்வளவு என்று சொல்பவை. ‘வாய்ப்பு அதிகம்’ என்று வந்தால் குழந்தைக்குக் குறை இருப்பது உறுதியாகிவிட்டது என்று ஆகாது. உறுதி செய்ய பனிக்குட நீரை எடுத்துப் பார்க்கும் சோதனை இருக்கிறது. அதை 15-ஆம் வாரத்துக்குப் பிறகுதான் செய்வார்கள்.

அடுத்தது 24 முதல் 28 வாரங்களுக்குள் சர்க்கரைச் சோதனை. பல இடங்களில் 75 கிராம் குளுக்கோஸைத் தண்ணீரில் கரைத்துக் குடிக்கத் தந்து, குறிப்பிட்ட நேரத்தில் ரத்தம் எடுப்பார்கள். சில இடங்களில் வெறும் வயிற்றோடு வரச் சொல்வார்கள், சில இடங்களில் சாப்பிட்டிருந்தாலும் பரவாயில்லை என்பார்கள். முந்தின நாளே கேட்டுவிடுங்கள். குடித்தது வாந்தியானால் சோதனையை முதலிலிருந்து செய்ய வேண்டியிருக்கும். அதனால் ஒரே மூச்சில் கவிழ்த்துக்கொள்ளாமல், அவர்கள் தரும் ஐந்து நிமிடத்துக்குள் நிதானமாகக் குடியுங்கள். குடித்த பிறகு ஓர் இடத்தில் உட்கார்ந்திருக்க வேண்டும். படிக்க ஏதாவது, முடிந்ததும் சாப்பிட ஏதாவது கையில் இருக்கட்டும். கர்ப்பகாலச் சர்க்கரை வந்தால் ‘இனிப்பு அதிகமாகத் தின்றுவிட்டேனோ’ என்று குற்ற உணர்ச்சி வேண்டாம். நஞ்சுக்கொடி சுரக்கும் ஹார்மோன்கள் இன்சுலினை எதிர்ப்பதால் வருவது அது. பலருக்குச் சாப்பாட்டு மாற்றத்தாலும் நடையாலுமே கட்டுக்குள் வந்துவிடும்.

தடுப்பூசிகளைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். ஃப்ளூ ஊசியை எந்த மாதத்திலும் போடலாம். கக்குவான் இருமலுக்கான ஊசி பெரும்பாலும் 27 முதல் 36 வாரங்களுக்குள்; அது பிறந்த குழந்தையின் முதல் மாதங்களுக்கான பாதுகாப்பு. தட்டம்மை, சின்னம்மை போன்ற உயிருள்ள கிருமி ஊசிகளை இப்போது போடக் கூடாது. உங்கள் ரத்தப் பிரிவு நெகட்டிவ் என்றால், குழந்தையின் ரத்தம் பாசிட்டிவாக இருந்தால் உங்கள் உடம்பு அதை எதிர்க்காமல் தடுக்க 28-ஆம் வாரத்தையொட்டிப் போடும் ஆன்டி-டி ஊசி பற்றி இப்போதே கேட்டுவையுங்கள்.

மாத்திரைகள்: நான் செய்த தவறு

நடு மாதங்களில் இரும்புச் சத்தும் கால்சியமும் ஒன்றாகக் கைக்கு வந்தன. மறந்துவிடக் கூடாதே என்று இரண்டையும் சேர்த்து, ராத்திரி சாப்பாடு முடிந்ததும் பாலோடு முழுங்கினேன். ஒரு மாதம் தவறாமல் முழுங்கினேன். அடுத்த சோதனையில் ஹீமோகுளோபின் ஏறவில்லை, இறங்கியிருந்தது. ‘மாத்திரை சாப்பிடுகிறீர்களா இல்லையா?’ என்று கேட்டார்கள். எனக்கு அழுகையே வந்துவிட்டது.

கால்சியமும் பாலும் இரும்பை உடம்பில் ஏறவிடாது. டீ, காபியும் அப்படித்தான். நெஞ்செரிச்சலுக்குக் குடிக்கும் மருந்துகளும் தடுக்கும். எனவே இரும்பு மாத்திரைக்கு ஒரு நேரம், கால்சியத்துக்கு வேறு நேரம். நடுவில் இரண்டு மணி நேரமாவது இடைவெளி. இரும்பை வெறும் வயிற்றில் எலுமிச்சை, ஆரஞ்சு மாதிரி வைட்டமின் சி உள்ள சாற்றோடு எடுத்தால் நன்றாக ஏறும். வயிறு ஒப்பவில்லை என்றால் சாப்பிட்ட பிறகு எடுங்கள், கொஞ்சம் குறைவாக ஏறினாலும் நிறுத்துவதை விட அது மேல். கால்சியத்தைச் சாப்பாட்டோடு எடுக்கலாம். மலம் கறுப்பாகப் போனால் பயப்படாதீர்கள், இரும்பின் வேலை அது.

கர்ப்பத்தில் ரத்தத்தின் மொத்த அளவு கிட்டத்தட்ட பாதி கூடுகிறது. அதில் தண்ணீர்ப் பகுதி வேகமாகவும் சிவப்பணுக்கள் மெதுவாகவும் கூடுவதால், நடு மாதங்களில் ஹீமோகுளோபின் கொஞ்சம் இறங்குவது இயல்பு. 10.5-க்குக் கீழே போனால்தான் ரத்தச்சோகை என்று கணக்கு. அதற்கும் கீழே இறங்கினால் மாத்திரை மாறும், சில சமயம் ஊசி வழியாகவும் கொடுப்பார்கள்.

இன்னொன்று: 20-ஆம் வாரத்துக்குப் பிறகு ஐபுபுரோஃபென் வகை வலி மாத்திரைகளை டாக்டர் சொல்லாமல் தொடாதீர்கள். குழந்தையின் சிறுநீரகத்தைப் பாதித்து, பனிக்குட நீரைக் குறைத்துவிடும். அதே சமயம், ரத்த அழுத்தம் ஏறும் வாய்ப்பு உள்ளவர்களுக்கு டாக்டரே குறைந்த அளவு ஆஸ்பிரின் கொடுத்திருப்பார். அதை இதோடு குழப்பிக்கொண்டு நிறுத்திவிட வேண்டாம்.

சாப்பாடும் எடையும்

பசி வந்ததும் ‘இரண்டு பேருக்குச் சாப்பிடு’ என்று வீடே தட்டை நிரப்பும். இந்த மாதங்களில் கூடுதலாகத் தேவைப்படுவது ஒரு நாளைக்குச் சுமார் 340 கலோரிதான். ஒரு டம்ளர் பால், ஒரு வாழைப்பழம், ஒரு முட்டை, கணக்கு முடிந்தது.

எடையை மாதக் கடைசியில் ஒரே அடியாகப் பார்ப்பதை விட வாரப் போக்கைப் பார்ப்பது நல்லது. கர்ப்பத்துக்கு முன் சரியான எடையில் இருந்தவருக்கு மொத்தக் கர்ப்பத்தில் 11.5 முதல் 16 கிலோவரை கூடலாம். இப்போது வாரத்துக்குச் சுமார் 400 கிராம். ஒல்லியாக இருந்தவருக்கு 12.5 முதல் 18 கிலோ, பருமனாக இருந்தவருக்கு இதைவிடக் குறைவு. ஒரே வாரத்தில் இரண்டு கிலோ ஏறி, முகமும் கையும் உப்பினால் அது சாப்பாட்டால் வந்த எடையாக இருக்காது. ரத்த அழுத்தத்தைப் பார்க்கச் சொல்லுங்கள்.

தவிர்க்க வேண்டியவை: வேகாத இறைச்சி, பச்சை முட்டை, காய்ச்சாத பால். மீன் நல்லது, சுறா மாதிரி பாதரசம் சேரும் பெரிய மீன்கள் மட்டும் வேண்டாம். காஃபீன் ஒரு நாளைக்கு 200 மில்லிகிராமுக்குள் இருக்கட்டும், சாதாரணமாக இரண்டு சின்னக் கப் காபிக்குள் அடங்கிவிடும். மதுவுக்கும் புகைக்கும் ‘இவ்வளவு வரை பரவாயில்லை’ என்ற அளவே கிடையாது.

உடம்பு காட்டும் வேடிக்கைகள்

ஒருநாள் தும்மினேன். அடிவயிற்றின் வலது பக்கம் கத்தியால் கீறியது போலச் சுரீரென்று இழுத்தது. அப்படியே சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றேன். அரை நிமிடத்தில் போய்விட்டது. கருப்பையை இருபுறமும் தாங்கும் தசைநார்கள் நீளும்போது இப்படி இழுக்கும். படுக்கையில் சட்டென்று புரளும்போது, எழும்போது, தும்மும்போது வரும். தும்மல் வரப்போகிறது என்று தெரிந்தால் முழங்காலை மடக்கி, இடுப்பைச் சற்று வளைத்துக்கொள்ளுங்கள். எழும்போது பக்கவாட்டில் திரும்பி, கையை ஊன்றி எழுங்கள். வலி சில நொடிகளில் போகாமல் நின்றாலோ, விட்டுவிட்டு ஒரே இடைவெளியில் வந்தாலோ அது வேறு விஷயம், கீழே சொல்கிறேன்.

கெண்டைக்கால் பிடித்துக்கொள்வது பெரும்பாலும் நள்ளிரவில். நாம் வழக்கமாகச் செய்கிற தவறு, கால் விரலை நீட்டுவது. விரல்களை முகத்தை நோக்கி இழுத்து, குதிகாலைத் தள்ளுங்கள். கணவரைப் பாதத்தைப் பிடித்து அழுத்தச் சொல்வது இன்னும் சுலபம். பிடிப்பு விட்டதும் எழுந்து நாலு அடி நடங்கள். ஒரே கால் மட்டும் வீங்கி, சிவந்து, தொட்டால் சூடாக வலித்தால் அதைப் பிசைந்துவிடக் கூடாது. ரத்தம் உறைந்திருக்கலாம், நேராக மருத்துவமனைதான்.

மலச்சிக்கலுக்கு இரண்டு காரணம்: குடலை மந்தமாக்கும் புரோஜெஸ்டிரோன் என்ற கர்ப்ப ஹார்மோன், அதோடு இரும்பு மாத்திரை. தண்ணீர், நார்ச்சத்து, நடை என்று மூன்றையும் சேர்த்துப் பிடித்தால்தான் பலன் தெரியும். முக்கினால் மூலம் வந்து சேரும். உட்காரும்போது காலுக்கடியில் ஒரு சின்ன முக்காலி வைத்து முழங்காலை உயர்த்திப் பாருங்கள். நெஞ்செரிச்சலும் அதே புரோஜெஸ்டிரோன் செய்கிற வேலைதான். இரைப்பையின் மேல்வாயை அது தளர்த்திவிடுகிறது. கொஞ்சம் கொஞ்சமாகச் சாப்பிட்டு, படுப்பதற்கு இரண்டு மூன்று மணி நேரம் முன்பே ராத்திரிச் சாப்பாட்டை முடித்து, தலைப்பக்கத்தை உயர்த்திப் படுங்கள். சோடா உப்புப் பொடியைக் கரைத்துக் குடிக்க வேண்டாம், உப்புச் சுமை ஏறும்.

மூக்கடைப்பு, மூக்கில் லேசாக ரத்தம், பல் தேய்த்தால் ஈறில் ரத்தம் எல்லாம் கூடிய ரத்த ஓட்டத்தால் வருபவை. பல் டாக்டரிடம் போக இதுவே சரியான நேரம். ‘கர்ப்பத்தில் பல்லைத் தொடக் கூடாது’ என்று தள்ளிப்போட்டு எட்டாம் மாதத்தில் வீங்கிய கன்னத்தோடு நாற்காலியில் சாய முடியாமல் அவதிப்படுவதை விட, இப்போதே முடித்துவிடலாம்.

தொப்புளிலிருந்து கீழே ஓடும் கருங்கோடு, கன்னத்தில் படரும் நிறத் திட்டு இரண்டும் பிரசவத்துக்குப் பிறகு பெரும்பாலும் மங்கிவிடும். வயிற்று வரிகளைத் தடுக்கும் என்று விற்கும் களிம்புகளில் எனக்கு நம்பிக்கை இல்லை. அரிப்பைக் குறைக்க எந்த எண்ணெயும் போதும். வரி விழுவது அவரவர் தோலையும் பரம்பரையையும் பொறுத்தது. முகப்பருவுக்கும் சுருக்கத்துக்கும் போடும் ரெட்டினால் வகைக் களிம்புகளை மட்டும் ஓரம் கட்டுங்கள்.

ரத்தக்குழாய்கள் தளர்வதால் இந்த மாதங்களில் ரத்த அழுத்தம் சற்று இறங்கும். வரிசையில் ரொம்ப நேரம் நின்றால், சட்டென்று எழுந்தால் கண் இருட்டும். எனக்கு ஒரு முறை பணம் கட்டும் வரிசையிலேயே இருட்டியது. கௌரவம் பார்த்து இரண்டு நிமிடம் நின்றதுதான் தப்பு. தோன்றிய உடனே இருந்த இடத்திலேயே, தரையாக இருந்தாலும், உட்கார்ந்துவிடுங்கள்.

படுக்கை

இருபது வாரத்துக்குப் பிறகு மல்லாந்து படுத்தால், கருப்பை பின்னால் ஓடும் பெரிய ரத்தக்குழாயை அழுத்தும். சிலருக்குத் தலை சுற்றும், வியர்க்கும். ஒருக்களித்துப் படுக்க இப்போதே பழகுங்கள். இடதுபுறமே வேண்டும் என்று கட்டாயமில்லை, வலதும் சரிதான். முழங்கால்களுக்கு நடுவே ஒரு தலையணை, முதுகுக்குப் பின்னால் ஒன்று. பின்னால் இருப்பதுதான் தந்திரம், தூக்கத்தில் புரண்டாலும் முழுசாக மல்லாக்க விடாது. விழித்தபோது மல்லாந்து கிடந்தால் பதறாமல் திரும்பிப் படுங்கள். ராத்திரி முழுக்கக் காவல் காக்க யாராலும் முடியாது.

முதல் அசைவு

எல்லோரும் ‘உதைக்கும்’ என்றே சொல்லி வைத்திருந்ததால், நான் உதைக்காகக் காத்திருந்தேன். வந்தது வேறு. பத்தொன்பதாவது வாரத்தில் ஓர் இரவு, ஒருக்களித்துப் படுத்திருந்தபோது, தொப்புளுக்கு நாலு விரல் கீழே, உள்ளிருந்து யாரோ இமையைக் கொட்டியது மாதிரி ஒன்று. வாயு என்று நினைத்து விட்டுவிட்டேன். மறுநாள் அதே நேரம், அதே இடம். வாயுவுக்கு அவ்வளவு நேரந்தவறாமை கிடையாது.

முதல் குழந்தை என்றால் 18 முதல் 22 வாரம்போலத் தெரியும். இரண்டாவது என்றால் 16-லேயே அடையாளம் கண்டுவிடலாம். நஞ்சுக்கொடி வயிற்றின் முன்சுவரில் ஒட்டியிருந்தால் மெத்தை போட்டது போலாகி இன்னும் தாமதமாகும். 24 வாரம் ஆகியும் எதுவுமே தெரியவில்லை என்றால் டாக்டரிடம் சொல்ல வேண்டும். ஆரம்பத்தில் ஒருநாள் தெரியும், மறுநாள் தெரியாது, அது இயல்பு. தினமும் தெரிய ஆரம்பித்த பிறகு திடீரென்று குறைந்தாலோ நின்றாலோ, ‘நாளைக்குப் பார்ப்போம்’ என்று தூங்கப் போகாதீர்கள்.

இதற்கு நடுவில் உள்ளே என்ன நடக்கிறது? இருபதாவது வாரத்தில் குழந்தை தலையிலிருந்து குதிகால்வரை ஏறக்குறைய 25 சென்டிமீட்டர் நீளம், 300 கிராம்போல எடை. ஆறாம் மாதத்தில் உங்கள் குரலும் வெளிச் சத்தமும் அதற்குக் கேட்கும். கதவு படீரென்று அடித்தால் துள்ளுவது உங்கள் கைக்கே தெரியும். 27-ஆம் வாரம் முடியும்போது ஒரு கிலோவை நெருங்கியிருக்கும்.

நடை, வேலை, பயணம்

டாக்டர் தடை சொல்லாதவரை வாரத்துக்கு 150 நிமிட நடையோ நீச்சலோ நல்லது. நடந்துகொண்டே பேச முடிகிறதா என்று பாருங்கள். பேச முடிந்தால் வேகம் சரி, மூச்சு இரைத்து வார்த்தை முறிந்தால் குறையுங்கள். வயிறு முன்னே வருவதால் நடையில் சமநிலை மாறும். ஸ்டூல் மேல் ஏறி அலமாரியைத் துடைக்கும் ஆசை வரும், அடக்கிக்கொள்ளுங்கள். சிறுநீரை அடக்குவது போல் அடித்தசையை இறுக்கித் தளர்த்தும் பயிற்சியை இப்போதே தொடங்கினால் பின்னால் தும்மும்போது சிறுநீர் கசிவது குறையும். பயிற்சியைச் சிறுநீர் கழிக்கும்போது செய்ய வேண்டாம்.

நீண்ட பயணம் இருந்தால் இந்த மாதங்களில் முடித்துக்கொள்வது நல்லது. இரண்டு மணி நேரத்துக்கு ஒரு முறை எழுந்து நடங்கள். காரில் பெல்ட் கட்டாயம். கீழ்ப்பட்டி வயிற்றுக்கு அடியில் இடுப்பெலும்பின் மேலும், தோள்பட்டி மார்புகளுக்கு நடுவிலும் போக வேண்டும், வயிற்றின் மேல் குறுக்கே போகக் கூடாது. அறிக்கைகளின் படங்களைப் போனில் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

உடலுறவு பற்றி வெட்கப்பட்டுக் கேட்காமலே இருந்துவிடுகிறோம். நஞ்சுக்கொடி கீழே இருப்பது, ரத்தப்போக்கு, கருப்பை வாயின் நீளம் குறைந்திருப்பது, நீர்க் கசிவு போன்ற காரணம் எதுவும் இல்லை என்றால் தடை இல்லை. குழந்தைக்கு எதுவும் ஆகாது.

மனசு

‘உடம்புதான் சரியாகிவிட்டதே, இன்னும் ஏன் முகத்தைத் தூக்கி வைத்திருக்கிறாய்?’ என்று கேட்பவர்கள் உண்டு. எரிச்சல், அழுகை வந்து போவது வேறு. இரண்டு வாரத்துக்கு மேலாக எதிலும் பிடிப்பில்லாமல், தூக்கமும் பசியும் கெட்டு, குழந்தை வேண்டியிருந்தும் சந்தோஷமே வராமல் இருப்பது வேறு. மனச்சோர்வு பிரசவத்துக்குப் பிறகுதான் வரும் என்பதில்லை, இப்போதே வரலாம். அதையும் நோட்டில் எழுதி டாக்டரிடம் சொல்லுங்கள், கர்ப்பத்தில் செய்யக்கூடிய சிகிச்சை இருக்கிறது.

காத்திருக்கக் கூடாதவை

இந்தப் பகுதியை மட்டும் வீட்டில் இன்னொருவரையும் படிக்கச் சொல்லுங்கள்.

- சிவப்பாகவோ பழுப்பாகவோ ரத்தம், கொஞ்சமானாலும்.
- தண்ணீர் போல் கசிவது. சிறுநீரா பனிக்குட நீரா என்று சந்தேகம் வந்தால் சுத்தமான பேடு ஒன்று வைத்துக்கொண்டு நேரே போய்விடுங்கள்.
- வயிறு ஒரே இடைவெளியில் இறுகித் தளர்வது, அல்லது இடுப்பு வலி அலை அலையாக வருவது. ஓய்வெடுத்து, தண்ணீர் குடித்தும் அடங்காவிட்டால் காத்திருக்காதீர்கள். எப்போதாவது ஒரு முறை இறுகிப் போவது பொய்வலி, அதற்கு ஓட வேண்டாம்.
- விடாத தலைவலி, கண் மங்குதல், கண்ணில் பூச்சி பறப்பது, வலது விலா எலும்புக்குக் கீழ் வலி, முகமும் கையும் திடீர் வீக்கம். 20 வாரத்துக்குப் பிறகு ரத்த அழுத்தம் 140/90-ஐத் தொட்டால் அன்றே பார்க்க வேண்டும்.
- காய்ச்சல், சிறுநீர் கழிக்கும்போது எரிச்சல், நாற்றமோ பச்சை நிறமோ உள்ள வெள்ளைப்படுதல். மணமில்லாத, பால் போன்ற வெள்ளைப்படுதல் கூடுவது இயல்பு.
- தடிப்பே இல்லாமல் உள்ளங்கை, உள்ளங்காலில் ராத்திரி வரும் கடும் அரிப்பு. ஈரல் சோதனை தேவைப்படலாம்.
- நெஞ்சு வலி, மூச்சுத் திணறல், வயிற்றில் அடி படும்படி விழுவது. விழுந்தபின் வலி இல்லாவிட்டாலும் போய்க் காட்டுங்கள்.

போய்ப் பார்த்து ‘ஒன்றுமில்லை’ என்று திருப்பி அனுப்பினால் கூச்சப்படாதீர்கள். நான் அப்படி இரண்டு முறை திரும்பி வந்திருக்கிறேன், ஒரு முறை நள்ளிரவில்.

28-ஆம் வாரத்துக்கு முன்

தொட்டில் வாங்குவதை விட அவசரமான வேலைகள் சில இருக்கின்றன. எங்கே பிரசவம் என்று முடிவு செய்து, அந்த இடத்தை ஒரு முறை நேரில் போய்ப் பாருங்கள். ராத்திரி எந்த வாசல் திறந்திருக்கும், அவசரத்துக்கு எந்த எண் என்பதுவரை. வேலை பார்ப்பவர்கள் விடுப்புக்கான காகிதங்களை இப்போதே தொடங்க வேண்டும். தாய்ப்பால், பிரசவம் பற்றிய வகுப்பு கிடைத்தால், குனிந்து நிமிர முடிகிற இந்த நாட்களிலேயே கணவரோடு போய்விடுங்கள்.

அடுத்து வரும் சோதனைக்கு நோட்டின் கடைசிப் பக்கத்தில் இவை இருக்கட்டும். ஹீமோகுளோபின் இப்போது எவ்வளவு? சர்க்கரைச் சோதனையில் என்ன வந்தது? எந்த ஊசிகள் பாக்கி? நஞ்சுக்கொடி எங்கே இருக்கிறது, மறுபடி ஸ்கேன் எப்போது? அசைவை இனி எப்படிக் கவனிப்பது, எவ்வளவு குறைந்தால் வர வேண்டும்? ராத்திரி இரண்டு மணிக்கு ஏதாவது என்றால் யாரைக் கூப்பிடுவது?